அறுபதைத் தொடும்போது கிடுகுப் போட்டிக்குப் போகலாமா?

கேள்வி:

தங்கச்சி, நான் முல்லைத்தீவில் முள்ளியவளைப் பக்கத்தில் இருக்கிறேன். வருகிற ஆடியில் எனக்கு அறுபது நிறைகிறது. என்னவர் 2009 மாசியில் போரில் செல் பட்டு இறந்தவர். மகன் கனடாவில், மகள் வவுனியாவில். வளவில் நான் தனியத்தான். நாலு கோழி, ஒரு மாமரம்.

போன சித்திரை வருசப்பிறப்புக்கு எங்கள் சனசமூக நிலையத்தில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். ஐம்பது தாண்டிய பெண்களுக்குக் கிடுகு, அதுதான் கூரைக்குத் தென்னோலை, பின்னும் போட்டி. நானும் போனேன். பக்கத்தில் இருந்த அக்கா அவசரத்தில் தன் சீலைத் தலைப்பையும் ஓலையோடு சேர்த்துப் பின்னிவிட்டார். விசில் ஊதியதும் எழும்பப் பார்த்தார், கிடுகும் கூடவே எழும்பியது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். எத்தனை வருசத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தேனோ தெரியாது. திரும்பி வரும் வழியில், படலையடியில் நின்ற ஒருவர் "புருசன் இல்லாத பொம்பிளைக்கு இந்த வயசில என்ன முசுப்பாத்தி வேண்டிக் கிடக்கு" என்று சொன்னது காதில் விழுந்தது. அன்று இரவு என்னவர் படத்தைப் பார்க்கவே கூசியது.

இந்த முறை போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. மகளும் பேரப்பிள்ளைகளும் வருசத்துக்கு வருகிறார்கள். ஏழு வயதுப் பேத்தி மாமரத்தில் ஊஞ்சல் கட்டச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறாள். நானும் அவளோடு ஆட வேண்டுமாம். பிறக்கப்போகிற வருசத்தின் பெயர் பராபவ. நான் பிறந்ததும் அதே வருசம்தான். அதற்குத் தோல்வி என்று பொருள் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. வயது போகப் போக வருசப்பிறப்பு பாரமாகிக்கொண்டே வருகிறது. இலேசான மனதோடு ஒரு வருசத்தையாவது வரவேற்க வழி இருக்கிறதா? சிரித்தால் அவரை மறந்த மாதிரி ஆகுமா? கைவிசேஷம் நான் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள அக்கா,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் சின்னது. கைவிசேஷம் நீங்கள் கொடுக்கலாம். நீங்கள்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் மூத்தவர் நல்ல நேரம் பார்த்துத் தன் கையால் இளையவர் கையில் வைக்கிற காசு அது. பூவையும் பொட்டையும் பார்த்துக் கொடுக்கிற சாமான் இல்லை. 2009 க்குப் பிறகு வன்னியில் எத்தனையோ வீடுகளைப் பெண்கள் தனியாக நின்று நிமிர்த்தினார்கள். காணி துப்புரவாக்கியது, வீட்டுத்திட்டத்துக்கு அலைந்தது, பிள்ளைகளைப் படிப்பித்தது, மகளுக்குக் கலியாணம் செய்துவைத்தது எல்லாம் அந்தக் கைகள்தான். உங்கள் கையும் அதில் ஒன்று. அதைவிட ராசியான கையை உங்கள் பேத்தி எங்கே தேடப் போகிறாள்? வெற்றிலையில் வைத்து, புதுத்தாளாகப் பார்த்துக் கொடுங்கள். மகளுக்கும் மருமகனுக்கும் கொடுங்கள். யாரும் ஏதும் சொன்னால், என் பெயரைச் சொல்லுங்கள்.

இனி அந்தச் சீலைத் தலைப்புக்கு வருவோம். கிடுகும் கூடவே எழும்பியது என்று நீங்கள் எழுதிய இடத்தில் நானும் சிரித்துவிட்டேன். அடுத்து, அவர் படத்தைப் பார்க்கவே கூசியது என்ற வரியில் நின்றுவிட்டேன். இந்தக் கூச்சத்தை நான் பதினைந்து வருடத்துக்கு மேலாகப் பார்த்துவருகிறேன். பிள்ளையின் பிறந்தநாளில் கைதட்டிவிட்டு உள்ளே போய் அழுத அம்மாவிடம் பார்த்திருக்கிறேன். கோயில் திருவிழாவில் கச்சான் வாங்கிச் சாப்பிட்டதற்காக ஒரு கிழமை தூங்காத ஐயாவிடமும் பார்த்திருக்கிறேன். இழந்தவர்களுக்கு நாம் கட்டுகிற கடன் துக்கம்தான் என்றும், ஒரு நாள் சிரித்தால் தவணை தவறிவிட்டது என்றும் மனம் நினைத்துக்கொள்கிறது.

நான் இந்த உளவளத்துணை வேலைக்கு வந்த புதிதில், 2010 இல், போரில் இடம்பெயர்ந்த சனம் இருந்த செட்டிகுளம் முகாமில் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். கணவனையும் ஒரு மகனையும் இழந்தவர். அவரிடம், "நடந்ததை நினைக்காதீங்கோ அம்மா, மற்றப் பிள்ளைகளுக்காகச் சந்தோசமாய் இருங்கோ" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த கிழமை போனேன். சுகமில்லை, படுத்திருக்கிறேன் என்று சொல்லியனுப்பினார். அதற்கடுத்த கிழமையும் அதே பதில். எனக்குப் பயிற்சி தந்த அம்மையார்தான் பிறகு விளக்கினார். அந்த அம்மா கையில் பிடித்துக்கொண்டிருந்தது அவருடைய மகனை. அந்தக் கையை விரித்துவிட்டுச் சந்தோசத்தை வாங்கு என்று நான் கேட்டிருக்கிறேன். யார் விரிப்பார்கள்? அன்றிலிருந்து யாருக்கும் "சந்தோசமாய் இருங்கோ" என்று நான் சொல்வதில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இருவர் 1999 இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். எங்கள் துறையில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறோம். இழப்போடு வாழ்கிற ஒருவர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரு நேரம் இழந்தவரிடம் போகிறார், அழுகிறார், படத்தோடு கதைக்கிறார். இன்னொரு நேரம் கோழிக்குத் தீன் போடுகிறார், புதுச்சீலை பார்க்கிறார், பேத்தியோடு சண்டை பிடிக்கிறார். அங்கும் இங்கும் போய்வருகிற இந்த அசைவுதான் மனிதரைத் தாங்குகிறது. ஒரு பக்கத்திலேயே நின்றுவிட்டால்தான் நாங்கள் கவலைப்படுவோம். அழவே அழாமல் வேலை வேலை என்று ஓடுகிறவரைப் பற்றியும் கவலைப்படுவோம், சிரிக்கவே கூடாது என்று இருக்கிறவரைப் பற்றியும் கவலைப்படுவோம். உங்கள் பேத்தி கேட்கிற ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். பின்னுக்குப் போன ஊஞ்சல் முன்னுக்கு வருவதால் அது கட்டிய கொப்பை விட்டுப் போய்விடுவதில்லை.

அதனால் ஒன்று செய்யுங்கள். வருசப்பிறப்பன்று காலையில், பொங்கிப் படைத்துவிட்டு, மற்றவர்கள் சாப்பிட உட்காரும் முன் அவர் படத்துக்கு முன்னால் ஒரு ஐந்து நிமிடம் இருங்கள். போன வருசத்துச் சீலைக் கதையை அவருக்குச் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்ல வேண்டாம், வாய்விட்டுச் சொல்லுங்கள். இருபது வருசத்துக்கு மேல் கூடவே வாழ்ந்த மனிதர், அதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத்தான் தெரியும். இவ்வளவு நாளும் அவரிடம் துக்கத்தை மட்டும்தான் கொண்டுபோயிருப்பீர்கள். பகிடியையும் கொண்டுபோகலாம் அக்கா. அவரும் உங்களோடு சிரித்த ஆள்தானே.

வயது போகப் போக வருசப்பிறப்பு பாரமாகிறது என்கிறீர்கள். இதில் வயதின் பங்கு எவ்வளவு, மாதத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வன்னியில் இருக்கிற எங்களுக்குத் தை பிறந்தால் ஒரு கனம் தொடங்கும். வைகாசி கழியும்வரை அது இறங்காது. 2009 சித்திரைப் பிறப்புக்கு அரசு 48 மணிநேரப் போர் ஓய்வு என்று அறிவித்தது. அப்போது சனம் மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்குமான கடற்கரைத் துண்டுக்குள் பதுங்குகுழியும் தரப்பாளுமாய் நெருங்கிக் கிடந்தது. ஏப்ரல் 20 ஆம் திகதி மாத்தளனில் மண் அணை உடைந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் இராணுவக் கட்டுப்பாட்டுப் பக்கம் வந்தது. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே நீங்கள் அவரை இழந்துவிட்டீர்கள். அந்தச் சித்திரையை எங்கே, எப்படிக் கழித்தீர்கள் என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் உடம்பு அதை எழுதி வைத்திருக்கிறது. பங்குனி வெயில் மண்ணில் காய்கிறபோது வருகிற அந்த மணம், கொன்றை பூத்துத் தொங்குகிற காட்சி, அசையாத காற்று, இதெல்லாம் மூளைக்கு நாட்காட்டி மாதிரி. திகதி பார்க்காமலே நெஞ்சு அடைக்கத் தொடங்கும். காரணம் தெரியாததால், "எனக்கு வயசு போயிட்டுது, அதுதான்" என்று நாம் முடிவுகட்டிவிடுவோம். வயதின் தலையில் எல்லாப் பழியையும் போடாதீர்கள். ஒவ்வொரு வருசமும் திரும்பி வருகிற ஒரு காலத்தின் வலி இது. வரும், பிறகு இறங்கும். வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி பயம் குறையும். பங்குனி நடுவிலேயே மகளிடம் சொல்லிவைத்துவிடுங்கள்: "எனக்கு இந்த மாதம் கொஞ்சம் கஷ்டம், பின்னேரத்தில் ஒரு கோல் எடு."

அப்புறம் அறுபது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000 ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு சட்டம் வந்தது. 9 ஆம் இலக்கச் சட்டம். அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அறுபது வந்தால் நீங்கள் முதியவர். முதியோர் அடையாள அட்டையை வெட்கப்படாமல் எடுத்து வையுங்கள், ஆஸ்பத்திரி வரிசையிலும் வங்கியிலும் உதவும். அவ்வளவுதான் அதன் வேலை. என்ன செய்யலாம், எதற்குச் சிரிக்கலாம் என்று அந்த அட்டை சொல்லாது.

படலையடியில் நின்றவர் "இந்த வயசில" என்றாரே, அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஐம்பது தாண்டிய 660 பேரிடம், தங்கள் முதுமையைப் பற்றி அவர்களே என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு, இருபது வருடத்துக்கு மேலாகத் தொடர்ந்து பார்த்தார்கள். பெக்கா லெவி என்ற ஆய்வாளர் அந்த விவரங்களை 2002 இல் வெளியிட்டார். வயதாவதை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். இரண்டு பக்கத்தாரின் வயது, வருமானம், உடல்நிலை, தனிமை இவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் இருந்தது. சிரித்தால் ஏழு வருடம் கூடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம், ஒரு மனிதருக்கு அப்படிக் கணக்குப் போட முடியாது. ஆனால் "இந்த வயசில உனக்கு என்ன" என்ற சொல்லை நம்பி வீட்டுக்குள் இருந்துவிடுவது உடம்புக்கும் கேடு என்பது எனக்கு உறுதி. அந்தச் சொல்லை உங்களுக்குச் சொன்னவரைவிட, அதை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதுதான் ஆபத்து.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. லோரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் பல வருடங்களாகக் காட்டிவருகிற விஷயம். முன்னால் இருக்கிற காலம் குறுகியது என்று உணரும்போது மனிதர் எல்லாவற்றுக்கும் ஓடுவதை விட்டுவிடுகிறார்கள். மனதுக்கு நெருக்கமான சில பேர், மனது நிறைகிற சில வேலை, இவற்றைத் தெரிந்தெடுக்கிறார்கள். கெட்டதைவிட நல்லதில் கண் கூடுதலாக நிற்கிறது. இளம் வயதில் வருசப்பிறப்பு என்றால் எத்தனை சோலி! புதுச்சீலை, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, யார் வீட்டுக்கு முதலில் போவது, யார் கோபிப்பார்கள், பலகாரம் எத்தனை வகை. இப்போது அதெல்லாம் உங்கள் தலையில் இல்லை. யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. அதனால்தான் போன வருசம் அப்படிச் சிரிக்க உங்களால் முடிந்தது. இருபத்தைந்து வயதில் அந்த இடத்தில் இருந்திருந்தால், போட்டியில் தோற்றுவிடுவோமோ என்று ஓலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். பக்கத்துக்காரியின் சீலை கண்ணில் பட்டிருக்காது.

சரி, பராபவ. அந்தச் சொல்லுக்குத் தோல்வி என்று பொருள் இருப்பது உண்மைதான். அறுபது வருடப் பெயர்களும் ஒரு வட்டம். ஒன்று போனால் அறுபதாம் வருடம் அதே பெயர் திரும்பி வரும். முன்னைய பராபவ 1966 சித்திரையில் பிறந்து 1967 பங்குனியில் முடிந்தது. அந்த வருசத்து ஆடியில் உங்கள் அம்மா உங்களைப் பெற்றார். அவரிடம் யாராவது வந்து, "இது தோல்வி வருசம்" என்று சொல்லியிருந்தால், மடியில் கிடந்த உங்களைப் பார்த்துக்கொண்டு அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? பெயர் வருசத்துக்கு வைத்தது. அதற்குள் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியாக நீங்களே இருக்கிறீர்கள். கோயிலில் அதைச் சொன்னவரை அடுத்த முறை கண்டால், "நான் பிறந்த வருசம் அது" என்று சொல்லிப் பாருங்கள்.

அறுபது நிறைந்தால் சோடியாக இருக்கிறவர்களுக்கு அறுபதாம் கலியாணம் செய்வார்கள். அந்த எண்ணம் உங்களுக்கு வந்திருக்கும், எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு ஈடாக எதையும் நான் சொல்ல மாட்டேன், ஈடு இல்லை. ஆனால் பிறந்த வருசம் திரும்பி வருவதை ஓர் ஆள் தனியாகவும் கொண்டாடலாம். ஆடியில் உங்கள் பிறந்தநாளுக்கு ஆடிக்கூழ் காய்ச்சி அயலுக்குக் கொடுங்கள். ஒடியல் கூழ் இல்லை, பனங்கட்டி போட்ட இனிப்புக் கூழ்.

இலேசான மனது எப்படி வரும் என்று கேட்டீர்கள். அது முதலில் வந்து, பிறகு நாம் கொண்டாடத் தொடங்குவதில்லை. கை முதலில் வேலையைத் தொடங்கும், மனது பின்னால் வரும். இதை என் அம்மாவிடம்தான் படித்தேன். அப்பா போன பிறகு நாலு வருசம் எங்கள் வீட்டில் வருசப் பலகாரம் சுடவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்டால் அம்மா அழுவார் என்று பயம். ஐந்தாவது வருசம் என் மகள் பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த பயத்தம் பணியாரத்தைக் கொண்டுவந்து, "அம்மம்மா, இது உங்களுக்குச் செய்யத் தெரியுமோ" என்று கேட்டாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால் தாச்சியில் பயறு வறுபடுகிறது. பச்சைநிறம் மாறிச் சிவந்துவருகிற அந்த மணம் வீடு முழுக்க. அம்மா அகப்பையை விடாமல் கிண்டிக்கொண்டு, "கருகினால் கசக்கும், பக்கத்தை விட்டுப் போகக்கூடாது" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். மா இடித்து, தேங்காய்ப்பூ வறுத்து, சர்க்கரைப் பாகில் குழைத்து உருட்டி, அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பொரித்தார். முதல் உருண்டை எண்ணெயில் பிரிந்துபோனது. "உங்கட அப்பாவும் இப்பிடித்தான், சொல்லுறதுக்கு முதல் உடைஞ்சு போவார்" என்று சிரித்தார். நாலு வருசத்துக்குப் பிறகு அப்பாவின் பெயர் எங்கள் குசினியில் சிரிப்போடு வந்தது அன்றுதான். அம்மாவுக்கு இப்போது 81. வருசப்பிறப்புப் பின்னேரம் பேரப்பிள்ளைகளோடு தாயம் விளையாடுவார். நன்றாக அளாப்புவார். பிள்ளைகள் கத்துவார்கள், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எனக்குக் கண் தெரியேல்லை" என்பார்.

உங்களுக்கும் அப்படி ஒரு வேலை வேண்டும், வருசத்துக்கு ஒரு கிழமை முந்தியே தொடங்குகிற மாதிரி. எல்லாவற்றையும் செய்ய வேண்டாம், ஒன்றே ஒன்று போதும். பேத்தி வருவதால் மருத்துநீர் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். கோயிலில் காய்ச்சித் தருவதை முதல்நாளே ஒரு போத்தலில் வாங்கிவைத்து, புண்ணிய காலத்துக்குள் அவள் தலையில் நீங்களே வையுங்கள். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று மருமகனோடு வாதாட வேண்டாம், உங்கள் கோயிலில் எதைப் பார்க்கிறார்களோ அதுவே சரி. அந்தத் தண்ணீரில் மஞ்சளும் துளசியும் வில்வமும் அறுகும் மிளகும் சுக்கும் கலந்த மணம் ஒன்று இருக்கும், வேறு எந்த நாளிலும் வராது. தலைக்கு மேலே ஒரு இலை, காலுக்குக் கீழே ஒரு இலை. ஏழு வயதுப் பிள்ளை கூச்சத்தில் நெளியும். "கண்ணை மூடு, எரியும்" என்று சொல்லிக்கொண்டே உச்சியில் அள்ளி வைக்கும்போது உங்கள் கை அவளுடைய தலையில் இருக்கும். தனிய இருக்கிறவர்களுக்கு மாதக்கணக்கில் இன்னொரு மனிதத் தலையைத் தொடக் கிடைப்பதில்லை. பிறகு அவள் கையால் உங்கள் தலையிலும் வைக்கச் சொல்லுங்கள்.

ஊஞ்சலைக் கட்டுங்கள். ஆளை வைத்துக் கட்டுங்கள், நீங்கள் ஏற வேண்டாம். மாங்கொப்பு முறியக்கூடியது, தடித்த கொப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். போன வருசத்துக் கயிறு வேண்டாம், வெயிலில் உக்கியிருக்கும். பலகை உங்கள் முழங்கால் உயரத்துக்கு இருந்தால் ஏறவும் இறங்கவும் சுகம். நீங்களும் ஆடுங்கள், கால் நிலத்தில் படுகிற அளவுக்கு மெல்ல. சித்திரை வெயில் பொல்லாதது, பத்து மணிக்குப் பிறகு முற்றத்தில் நிற்காதீர்கள், பின்னேரம் பார்த்துக்கொள்ளலாம். பிரசர், சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறீர்கள் என்றால் அன்றைக்கும் போடத்தான் வேண்டும். வருசத்தன்று குளிசை விழுங்கக்கூடாது என்று எங்கேயும் சாஸ்திரம் இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நான் மேலே சொன்னதெல்லாம் வந்துபோகிற கனத்துக்கு. இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை இல்லை, சாப்பாடு மனமில்லை, கோழிக்குத் தீன் போடக்கூட எழும்ப முடியவில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால், ஊஞ்சலும் பணியாரமும் அதற்கு மருந்து இல்லை. முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், தமிழில் கதைக்கலாம். அது விசருக்கான இடம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைவும்கூட ஆளை இப்படி முடக்கும், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கடைசியாக, படலையடியில் நின்றவர். அவரோடு கோபிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, பட்டது நீங்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், வருசப்பிறப்பன்று எல்லாரும் விளையாட்டுப் பார்க்கப் போயிருக்க, ஒருவர் ஏன் தனியே படலையடியில் நிற்கிறார்? அவரிடமும் யாரோ ஒருநாள் அதே சொல்லைச் சொல்லியிருப்பார்கள். இந்த முறை போகிற வழியில் நின்று, "வாங்கோ, கிடுகு பின்னப் போறம், உங்களுக்கும் ஒரு ஓலை இருக்கு" என்று கூப்பிட்டுப் பாருங்கள். வருவாரோ இல்லையோ, கூப்பிட்டது காதில் விழும்.

ஏனென்றால் கிடுகு பின்னத் தெரிந்த கைகள் எல்லாம் எங்களிடையே குறைந்துகொண்டு வருகின்றன அக்கா. ஒவ்வொரு இடப்பெயர்விலும் போன இடத்தில் கொட்டில் போட, அந்த மண்ணில் உட்கார்ந்து ஓலை பின்னியவர்கள் நீங்கள். பிளந்த பாதியை முன்னால் போட்டுக் காலால் மட்டையை மிதித்துக்கொண்டு, ஒன்று விட்டு ஒன்றாக மடித்து, விரல் பார்க்காமலே ஓடும். மழை வருமுன் முடிக்க வேண்டும், செல் வருமுன் முடிக்க வேண்டும் என்று பின்னிய விரல்கள். அதே விரல்கள் இப்போது ஒரு விசிலுக்கும் ஒரு பிளாஸ்ரிக் வாளிப் பரிசுக்கும் பின்னுகின்றன. அதைப் பேத்தி பார்க்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே பிறந்த பிள்ளை, கிடுகு என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரிந்திருக்காது. போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் முற்றத்தில் ஒரு ஓலையைப் போட்டு, அவளையும் பக்கத்தில் இருத்தி நாலு வரி பின்னக் காட்டுங்கள்.

நாளைக்கே போய்ப் பெயரைக் கொடுங்கள். ஓலை சனசமூக நிலையம் தருமா, வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டுமா என்றும் கேளுங்கள். கொண்டுபோவதென்றால் நல்ல நீட்டு ஓலையாகப் பார்த்து, இரண்டு மூன்று நாளுக்கு முந்தியே தண்ணீரில் ஊறப் போட்டுவிடுங்கள். சீலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.